அளவுகோலும் அமானிதமும்

1995ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள், உத்தரப் பிரதேசத்தில் பால் விற்கும் ஒருவரிடம் உணவு ஆய்வாளர் மாதிரிப் பால் எடுத்தார். சோதனைச் சாலையில் அப்பாலைப் பகுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு 4.6 விழுக்காடு இருந்தது; அதில் குறையொன்றும் சொல்லப்படவில்லை. கொழுப்பு அல்லாத திடப்பொருள், அதாவது நம் பால் சங்கங்களில் எஸ்.என்.எஃப். என்று வழங்குகிறார்களே அது, 7.7 விழுக்காடு இருந்தது. இருக்க வேண்டியதாகச் சட்டம் விதித்திருந்ததோ 8.5. குறைவு புள்ளி எட்டு. அந்தப் புள்ளி எட்டின் பொருட்டு அந்த மனிதர் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். வழக்கு ஒவ்வொரு படியாக ஏறி, 2019ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. மாதிரி எடுத்த அன்று பிறந்த குழந்தைக்குத் தீர்ப்பு நாளில் இருபத்து நான்கு வயது நெருங்கியிருக்கும். அத்தனை காலம் கழிந்தது என்பதற்காகத் தண்டனையைக் குறைக்க இயலாது என்றது நீதிமன்றம். பால் உடல்நலத்துக்குத் தீங்கு செய்யுமா என்ற கேள்வியே எழாது. விதித்த அளவுக்குக் கீழே போனால் அது கலப்படப் பால்தான். சிறிதளவுதானே குறைந்தது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. இதுவே தீர்ப்பின் சாரம். சட்டம் விதித்த குறைந்தபட்சத் தண்டனையாகிய ஆறு மாதச் சிறை நிலைத்தது.

அந்த மனிதர் நீர் கலந்தாரா, கலக்கவில்லையா? இதற்கு விடை தீர்ப்பில் இல்லை. சட்டம் அந்த வினாவை அவரிடம் கேட்கவே இல்லை. பாலைக் கேட்டது, பால் 7.7 என்று சொல்லிற்று. ஒரு மனிதரின் உள்ளத்தை விசாரியாமல் அவர் சுமந்து வந்த பாலை மட்டும் விசாரித்து அவரைச் சிறைக்கு அனுப்புவது நீதியாகுமா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட வினா.

1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1955 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் இந்நாட்டில் ஆட்சி செய்தது. அதன் முழு வலிமையும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தது எனலாம். தரம் குறைந்த பண்டம் கலப்படமானதாகக் ‘கருதப்படும்’ என்பதே அச்சொல். கலந்தவர் யார், எப்போது கலந்தார், ஏன் கலந்தார் என்ற கேள்விகள் யாவும் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்துவிட்டன. பண்டத்தின் தன்மையைத் தாம் அறியவில்லை என்று விற்றவர் சொல்வது எதிர்வாதம் ஆகாது என்று அச்சட்டம் வெளிப்படையாகவே கூறிற்று.

இதைக் கொடுமை என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. பாலில் விழுந்த நீர் தடயம் விட்டுச் செல்வதில்லை. திருடன் உடைத்த பூட்டைக் காட்டலாம், பொய்க் கணக்கு எழுதியவனின் கையெழுத்தைக் காட்டலாம். விடியற்காலை நான்கு மணிக்குக் கொட்டிலின் இருளில் ஒரு செம்பு நீர் கவிழ்ந்ததை யார் கண்டார்? உள்நோக்கத்தை மெய்ப்பித்த பிறகே தண்டனை என்று வைத்திருந்தால், நாட்டில் ஒருவரும் தண்டனை பெற்றிருக்க மாட்டார். மறுபுறத்தில் நிற்பது யார் என்பதையும் எண்ண வேண்டும். தாய்ப்பால் போதாத கைக்குழந்தை, சுரத்தில் கிடந்து எழுந்த முதியவர், வேறொன்றும் இறங்காத நோயாளி. இவர்களால் பாலைச் சுவைத்துப் பார்த்து வழக்காட முடியுமா? வலியவனும் எளியவனும் எதிரெதிரே நிற்கும் வணிகத்தில், ஐயத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது என்று சட்டம் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அது குழந்தையின் பக்கம் நின்றது.

‘சிறு குறைவுதானே’ என்ற வாதமும் நாம் நினைப்பதுபோல் எளியதன்று. 8.4ஐ மன்னித்தால் 8.3க்கு என்ன பதில்? 8.3ஐ விட்டால் 8.2 வாசலில் வந்து நிற்கும். தானியக் குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே போனால், எந்த மணியோடு அது குவியல் இல்லாமல் போகிறது என்று பழங்கால மெய்யியலார் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். எங்காவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும். கிழித்த பின் அக்கோட்டை ஒவ்வொரு நீதிபதியும் தம் இரக்கத்துக்கு ஏற்ப நகர்த்தலாகாது. மேலும், அந்த 0.8 நீரால் வந்த குறைவு என்றே கொண்டால், ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு நீர் ஆகிறது. நாள்தோறும் ஒரு படி வாங்கும் வீடு, மாதத்தில் மூன்று படிப் பாலின் விலையைக் கிணற்று நீருக்குக் கொடுத்திருக்கும்.

ஆனால் ‘நீரால் வந்தது என்றே கொண்டால்’ என்று சொன்னோமே, அங்கேதான் முள் இருக்கிறது. பசு ஓர் இயந்திரம் அன்று. கன்று ஈன்ற புதிதில் ஒரு பால், பால் வற்றும் பருவத்தில் ஒரு பால். இனத்துக்கு இனம், தீனிக்குத் தீனி, பருவத்துக்குப் பருவம் பாலின் திண்மை மாறும். காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்குமே வேறுபாடு உண்டு. பழைய சட்டமும் இதை அறிந்தே இருந்தது: இயற்கைக் காரணத்தால் மட்டுமே, மனிதக் கைக்கு அப்பாற்பட்டுத் தரம் குறைந்தது என்றால் அது கலப்படம் ஆகாது என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. அந்தச் சன்னலை எட்டிப் பிடிக்க வேண்டிய சுமையோ விற்றவருடையது. வழக்கு விசாரணைக்கு வரும்போது அந்தப் பசு எங்கே, அன்றைய புல் எங்கே? மாட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

இன்னொன்றையும் கருத வேண்டும். அப்பழைய விதிகளின்படி எருமைப் பாலில் இருக்க வேண்டிய கொழுப்பு உத்தரப் பிரதேசத்தில் 6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 5. ஐந்தரை விழுக்காடு கொண்ட எருமைப் பால் இங்கே நேர்மையான பால், அங்கே குற்றம். பசும்பாலுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் இருந்த 3.5, 8.5 என்ற அளவுகள் பிற்காலத்தில் நாடு முழுமைக்கும் 3.2, 8.3 என்று இறக்கப்பட்டன. 8.4 திடப்பொருள் கொண்ட பசும்பால் ஒரு காலத்தில் கலப்படம். பின்னொரு காலத்தில் தூய பால். இடையில் பசு மாறிவிடவில்லை. இதனால் அளவுகோல் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. அது மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தை மீறியவர் ஈடு செய்ய வேண்டும், சரிதான். ஆனால் ஒப்பந்தத்தின் எண்ணில் புள்ளி எட்டுக் குறைந்துவிட்டது என்பதனாலேயே ஒருவரை ‘வஞ்சகன்’ என்று அழைத்துவிட முடியுமா?

வஞ்சகம் என்பது எது? இதைத் தெளிவாக்கிக்கொள்ள இரண்டு செய்திகள் உதவும். ஒன்று மதீனாவைச் சேர்ந்தது, மற்றது பம்பாயைச் சேர்ந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனஸ் (ரலி) அவர்களின் இல்லத்துக்கு வந்தபோது, ஆட்டின் பாலைக் கறந்து, அவ்வீட்டுக் கிணற்று நீரைக் கலந்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். அருந்திவிட்டு, இடப்பக்கம் அபூபக்கர் (ரலி) இருந்தும், வலப்பக்கம் இருந்த நாட்டுப்புற அரபிக்கே மிச்சத்தை அளித்தார்கள். வலப்பக்கத்துக்கு முதலிடம் என்ற ஒழுக்கத்துக்காக அடிக்கடி எடுத்துக் காட்டப்படும் நிகழ்ச்சி இது. நாம் இங்கே கவனிக்க வேண்டியது அந்தக் கிண்ணத்தில் இருந்த நீரை. பாலில் நீர் கலப்பது தன்னளவில் பாவமே அன்று. வெப்பம் மிகுந்த அந்நாட்டில் அது இதமான பானம்.

பம்பாய்ச் செய்தி இது. 1946ஆம் ஆண்டளவில் அந்நகரத்தின் பால் தட்டுப்பாட்டைத் தீர்க்க முயன்ற தாரா குரோடி, கொழுப்பு மிகுந்த எருமைப் பாலோடு கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும் நீரையும் சேர்த்து, ஏழைக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் விற்க வழி செய்தார். அதற்கு ‘டோன்ட் மில்க்’ என்று பெயரும் சூட்டினார். இன்று நம் வீட்டு வாசலில் நீல நிறப் பாக்கெட்டில் வந்து விழும் சமன்படுத்தப்பட்ட பால் அதன் வழித்தோன்றலே. மூன்று விழுக்காடு கொழுப்பு, எட்டரை விழுக்காடு இதர சத்து என்று பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அரசே பாலின் கொழுப்பைக் குறைத்து விற்கிறது. அதில் யாருக்கும் மானக்கேடில்லை. கோடிக்கணக்கான வீடுகளுக்கு அது நன்மையாகவே முடிந்தது. அதே அளவு கொழுப்பைக் கொட்டிலில் ஒருவர் குறைத்து, ‘கறந்த பால் அம்மா’ என்று ஊற்றினால் அது மோசடி. இரண்டு பாத்திரங்களிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே பண்டந்தான். ஒன்றின் மேல் உண்மை எழுதியிருக்கிறது. மற்றதன் மேல் பொய் பேசப்படுகிறது.

ஆகவே கலப்படத்தின் உயிர் நீரில் இல்லை, மறைப்பில் இருக்கிறது. சோதனைச் சாலையின் துயரம் என்னவென்றால், அதனால் நீரைக் காண முடியும், மறைப்பைக் காண முடியாது.

நம் மதரஸாக்களில் ஓதிய எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த பால்காரப் பெண்ணின் கதையை இந்த இடத்தில் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் பணியாளர் அஸ்லமுடன் மதீனாவில் இரவு வலம் வந்தபோது, ஒரு வீட்டுச் சுவருக்கு அப்பால் தாய் மகளிடம் பாலில் நீர் கலக்கச் சொல்வதைக் கேட்டார்கள். மகள் மறுத்தாள். உமர் பார்க்கவா போகிறார் என்றாள் தாய். உமர் பாராவிட்டாலும் உமரின் இறைவன் பார்க்கிறான் என்ற பொருள்பட மகள் விடையிறுத்தாள். பின்னர் கலீஃபா அப்பெண்ணைத் தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்ததும், அவர்களுடைய மகளின் மகனாக உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) பிறந்ததும் வரலாற்று நூல்கள் சொல்பவை.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இறுதி விடையோடு நிறுத்திக்கொண்டு, அச்சமுள்ள உள்ளத்துக்குச் சட்டம் எதற்கு என்று முடித்துவிடுகிறார்கள். அது அவசர முடிவு என்பது நம் கருத்து. மகள் முதலில் சொன்ன விடை வேறு. பாலில் நீர் கலக்கலாகாது என்று அமீருல் முஃமினீன் முரசறைவோனைக் கொண்டு அறிவிக்கச் செய்திருக்கிறாரே என்பதுதான் அது. முதலில் ஆட்சியின் ஆணை. அந்த ஆணை எட்டாத இருளில் இறையச்சம். ஆணை இல்லாதிருந்தால், ‘எல்லாரும் செய்வதுதானே’ என்ற தாயின் சொல்லுக்கு அந்த இளம்பெண் எதைக் காட்டி மறுத்திருப்பாள்? பெரும்பாலான மனிதர்களுக்குத் தீமையின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதையே சட்டந்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறது. மனச்சாட்சி அதற்குப் பின்னர் விழித்துக்கொள்கிறது. இன்னொன்று: அத்தாய்க்குத் தண்டனை எதுவும் அளிக்கப்பட்டதாகக் கதையில் இல்லை. பாலில் நீர் விழவில்லை, வாங்கியவர் ஏமாறவில்லை, சுவரோரம் காதில் விழுந்த ஆசையைக் கலீஃபா குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

உள்ளத்தை நுழைந்து பாராமலே வாங்குபவரின் ஹக்கைக் காப்பது எப்படி என்பதற்கும் பால் வணிகத்திலேயே ஒரு பழைய நெறி இருக்கிறது. விற்கப்போகும் ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறவாமல் மடியைக் கட்டி வைத்து, பால் சுரப்பு மிகுந்தது போலக் காட்டுவதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் கறந்து பார்த்தபின், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல், குடித்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீத்தம்பழத்தோடு திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். எவ்வளவு நயமான தீர்வு! விற்றவனின் நெஞ்சைத் துருவி ஆராயும் வேலை இல்லை. வாங்கியவர் இழக்கவில்லை, அவர் குடித்த பாலும் இலவசமாகவில்லை. (மடியைக் கட்டுவது இருக்கட்டும், இறந்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னே நிறுத்திக் கறந்த வழக்கம் நம் சென்னையில் நெடுங்காலம் இருந்தது. வாசலில் மாட்டைக் கட்டி நம் கண்ணெதிரே கறந்தால் ஏமாற்ற முடியாது என்று எண்ணிய வீடுகள், அங்கே ஏமாந்துகொண்டிருந்த வாயில்லாப் பிராணியைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.)

நீர் கலந்த பாலை என்ன செய்வது என்பதிலும் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார்கள். விற்பனைக்கு வந்த கலப்புப் பாலை உமர் (ரலி) தரையில் ஊற்றச் செய்ததாகச் செய்தி உண்டு. வஞ்சகத்தின் ஆதாயத்தை வஞ்சகனின் கண்முன்னே மண்ணுக்குக் கொடுப்பது ஒரு வகைத் தண்டனை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ, அதை ஊற்றி வீணாக்குவதைவிட ஏழைகளுக்கு ஸதக்காவாகக் கொடுப்பதே மேல் என்று கருதினார்கள். விற்றவனுக்கு இழப்பு ஒன்றேதான். பசித்தவன் வயிற்றுக்கோ பால் கிடைக்கிறது. இந்தக் கருத்துக்குள் ஒரு நுண்மை ஒளிந்திருக்கிறது. நீர் கலந்த பால் குடிக்கத்தக்க பால், அது நஞ்சன்று. ஏமாற்றுப் பண்டம் வேறு, நச்சுப் பண்டம் வேறு. சந்தைகளை மேற்பார்த்த முஹ்தசிபுகளுக்கென எழுதப்பட்ட பழைய கையேடுகளில், ஒரு மயிரைப் பாலில் தோய்த்தெடுத்து, பால் அதில் திரண்டு ஒட்டினால் தூயது, ஒட்டாவிட்டால் நீர் கலந்தது என்று அறியும் முறைகூடச் சொல்லப்பட்டிருக்கிறது. அளவுகோல் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டே இருக்கிறது.

ஏமாற்றுக்கும் நஞ்சுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நம் நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. தரம் குறைந்த உணவு, பாதுகாப்பற்ற உணவு என்று இரண்டாகப் பிரித்தது. முன்னதற்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை, சிறை இல்லை. பின்னதற்குத்தான் சிறை, அவ்வுணவால் உயிர் போனால் ஏழாண்டுக்குக் குறையாத தண்டனை, ஆயுள் வரையிலும். 7.7 என்று நின்ற அந்த உத்தரப் பிரதேசத்துப் பால் புதிய சட்டத்தின் கீழ் அகப்பட்டிருந்தால், குறைந்த திடப்பொருள் ஒன்றுக்காக மட்டும் அவர் சிறைக்குப் போயிருக்க மாட்டார். பழைய சட்டத்தில் மாட்டிக்கொண்டதால் போக நேர்ந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச்சில், மிட்டாய்ப் பொட்டலங்களின் மேலுறை விவரங்கள் பற்றிய பழைய வழக்கொன்றில், புதிய சட்டத்தின் இலேசான தண்டனையை எண்ணிப் பார்த்து அதே உச்சநீதிமன்றம் சிறையை நீக்கி அபராதமாக்கியது. இந்தக் கனிவு ஐந்தாண்டு முன்னரே வந்திருக்கலாகாதா என்று கேட்பவரை நாம் குறை கூற மாட்டோம்.

ஆனாலும் கடுமைக்கான குரல் ஓயவில்லை. 2011இல் நாடு முழுவதும் எடுத்த 1,791 மாதிரிகளில் 68.4 விழுக்காடு விதித்த தரத்தில் இல்லை என்று வந்த கணக்கு நாட்டையே உலுக்கியது. மூன்றில் இரண்டு பங்குப் பால் நஞ்சு என்றே மக்கள் புரிந்துகொண்டார்கள். உத்தரப் பிரதேசமும் மேற்கு வங்கமும் ஒடிசாவும் உணவுக் கலப்படத்துக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கத் தத்தம் மாநிலங்களில் சட்டத்தைத் திருத்தியிருந்ததைச் சுட்டி, மற்ற மாநிலங்களும் அதை எண்ணிப் பார்க்கலாம் என்று 2016இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. சலவைச் சோப்புத் தூள் கலந்த மாதிரிகள் அக்கணக்கில் இருந்தது உண்மை. அத்தகையவர்க்கு எந்தத் தண்டனையும் கூடுதல் என்று நாம் வாதாட மாட்டோம். ஆனால் அந்த 68இல் பெரும்பங்கு நீரும் பால் பவுடரும் குறைந்த திடப்பொருளுமே. இவற்றையெல்லாம் ஒரே குவியலாகக் கொட்டி ஒரே பெயரால் அழைத்ததுதான் பிழை.

தண்டனையின் கடுமை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்குச் சீனத்தில் நடந்தது பெரும் பாடம். பாலில் புரதம் எவ்வளவு என்று அறியச் சோதனைச் சாலைகள் அதிலுள்ள நைட்ரஜனை அளந்து கணக்கிடுவது வழக்கம். நீர் கலந்தால் புரதம் குறையும்; குறைந்தால் கொள்முதல் நிலையம் பாலைத் தள்ளிவிடும். நைட்ரஜன் மிகுந்த, பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் மெலமின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் எண் ஏறிவிடும் என்று சிலர் கண்டுகொண்டார்கள். 2008 செப்டம்பரில் வெளிப்பட்டபோது, குழந்தைப் பால் மாவு உண்ட ஏறக்குறைய மூன்று இலட்சம் பிள்ளைகள் நோயுற்றிருந்தனர். ஆறு குழந்தைகள் இறந்தன. பச்சிளங் குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல்! முதன்மைக் குற்றவாளியான சான்லு நிறுவனம், தரத்தில் சிறந்தது எனப் பெயர் பெற்று, அரசின் வழக்கமான சோதனையிலிருந்தே விலக்குப் பெற்றிருந்தது. 2009 நவம்பரில் இருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தூக்குக்கு அஞ்சாதவர்கள் அல்லர் அவர்கள். சோதனை எதைத் தேடுகிறது என்பதை அறிந்திருந்ததால் அகப்பட மாட்டோம் என்று நம்பியவர்கள். அளவுகோல் புரதத்தைக் கேட்டிருந்தால் அவர்கள் தோற்றிருப்பார்கள். அது நைட்ரஜனைக் கேட்டது. அவர்கள் நைட்ரஜனைக் கொடுத்தார்கள்.

நம் ஊர் லாக்டோமீட்டரும் இதே கதிக்கு ஆளானதுதான். நீர் சேர்ந்தால் பாலின் அடர்த்தி குறையும், கருவி கீழே இறங்கிக் காட்டிக்கொடுக்கும். ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். இரண்டையும் அளவாகச் செய்துவிட்டால் கருவி ‘நல்ல பால்’ என்று சாட்சி சொல்லும்! அதனாலேயே கிராமத்துப் பால் சங்கங்களில் கொழுப்பையும் திடப்பொருளையும் தனித்தனியே பார்த்து, அவற்றுக்குத்தான் விலை என்று ஏற்படுத்தினார்கள். நீருக்கு விலை இல்லையென்றால் நீரை ஏன் சுமப்பது? ஆய்வாளர்களின் திடீர்ச் சோதனைகளைவிட இந்த எளிய ஏற்பாடு மிகுதியாகச் சாதித்திருக்கிறது என்பது நம் எண்ணம். இதில் நற்பண்பு எங்கே இருக்கிறது, ஆதாயக் கணக்குத்தானே என்று கேட்கலாம். இருக்கட்டும். எளியவனின் வழியிலிருந்து ஒரு சோதனையை அகற்றி வைப்பதும் ஆட்சி செய்யும் அறந்தான்.

இதுவரை நாம் பேசியதெல்லாம் கையைப் பற்றி. கலந்த கை, கலவாத கை. 2018ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை 1,103 நகரங்களிலும் ஊர்களிலும் 6,432 மாதிரிகளை எடுத்து இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்திய ஆய்வு, இந்தப் பேச்சையே வேறு பக்கம் திருப்பிவிட்டது. யூரியா, சோப்புத் தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு முதலியன கலந்து பாதுகாப்பற்றதாக ஆக்கப்பட்ட மாதிரிகள் பன்னிரண்டே. மக்கள் அஞ்சிய வஞ்சகக் கை இவ்வளவு அருகி இருந்தது. ஆனால் 368 மாதிரிகளில், அதாவது 5.7 விழுக்காட்டில், அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நஞ்சு, ஒரு கிலோவுக்கு அரை மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அவற்றுள் மாநில வரிசையில் முன் நின்றது நம் தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88.

இதை யாரும் பாலில் கலக்கவில்லை. ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பருத்திக்கொட்டையிலும் பூக்கும் பூஞ்சை இந்நஞ்சின் மூலத்தை உண்டாக்குகிறது. மாடு தின்கிறது, அதன் ஈரல் நஞ்சை வேறு வடிவாக மாற்றிப் பாலுக்கு அனுப்புகிறது. காய்ச்சினாலும் அது போவதில்லை. ஒரு துளி நீரும் சேர்க்காமல், அல்லாஹ்வுக்கு அஞ்சி, கறந்தது கறந்தபடியே நம் பாத்திரத்தில் ஊற்றும் மனிதரின் பாலில் அது இருக்கக்கூடும். அவருடைய நிய்யத்தில் மாசில்லை, 8.5ம் 8.3ம் அவர் பாலில் நிறைவாக இருக்கும். மதீனாவின் அப்பெண்ணே இன்று கறந்து தந்தாலும், தீவனம் கெட்டிருந்தால் அவள் அறிய வழியில்லை. மறைப்பே கலப்படத்தின் உயிர் என்று மேலே சொன்னோம்; இங்கே மறைப்பவர் எவருமில்லை, தீங்கு மட்டும் இருக்கிறது. இங்கு உபதேசத்துக்கு வேலையில்லை. உணவு ஆய்வாளர் பால்காரரின் மிதிவண்டியை மறிப்பதிலும் பயனில்லை. அவர் போக வேண்டிய இடம் மழைக்காலத்தில் எண்ணெய்ச் செக்கின் பின்புறம், மூட்டைகள் தரையோடு தரையாக அடுக்கப்பட்டிருக்கும் புண்ணாக்குக் கிடங்கு.